உகாயும் பீலுவும்: உப்புநிலத்து மரம் ஒன்றின் வரலாறு

சங்க இலக்கியத்தின் பாலைத்திணைப் பாடல்களில் இடம்பெறும் மரங்களுள் ஓமை, யா, இருப்பை, மராஅம் ஆகியவை ஆய்வாளர்தம் கவனத்தைப் பெற்ற அளவிற்கு உகாய் பெறவில்லை. அகராதிகள் இதனை மரவகை என்று கூறி அமைகின்றன. பாடம் சொல்வோரும் 'பாலைநிலத்து மரம்' என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் தமிழகத்திற்கு வடக்கே, இராசத்தான், குசராத்து, பஞ்சாபு, சிந்து ஆகிய பகுதிகளில் இதே மரம் ஊர்தோறும் அறியப்பட்டதாய், உண்ணப்படுவதாய், பாடப்படுவதாய் நிற்கிறது. வடமொழியாளர் இதனைப் பீலு என்றனர். உகாய் என்றும் பீலு என்றும் இருவேறு சொல்மரபுகளில் வழங்கும் இம்மரத்தின் வரலாற்றை, அது நிற்கும் மண்ணின் வரலாற்றோடு சேர்த்துக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் இம்மரத்தை மென்றனர். இதன் கனியைத் தின்றனர். இதன் நிழலில் தங்கினர். எனினும் நட்டு வளர்க்க வேண்டிய பயிராக எவரும் இதனை எண்ணியதாகத் தெரியவில்லை. மண்ணின் உப்பு, உழவிற்கும் அரசிற்கும் ஒரு பெருஞ்சிக்கலாக உருவெடுத்த பின்னரே உகாய் பயிராயிற்று. காட்டு மரம் ஒன்று பயிரான இந்நிகழ்வு மிக அண்மைக் காலத்தது என்பதும், அதற்கான அடிப்படை அறிவு பழம்பாடல்களிலும் மக்கள் வழக்கிலும் நெடுங்காலமாகவே கிடந்தது என்பதும் இங்கு ஆராயப்படும்.

மரமும் அதன் இனமும்

உகாயின் அறிவியற்பெயர் சால்வடோரா பெர்சிகா. பார்சலோனா நகரத்தைச் சேர்ந்த மருந்து வணிகர் சல்வதோர் என்பாரின் நினைவாக, 1749இல் லாரன்ட் கார்சின் என்னும் தாவரவியலார் இப்பேரினத்திற்குப் பெயரிட்டார். 1753இல் லின்னேயசு பாரசீகத்தைக் குறிக்கும் சிற்றினப் பெயரை வழங்கினார். பெயர் பாரசீகத்தைச் சுட்டினும், ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து அரபு நாடுகள் வழியாக இந்தியா, இலங்கை வரை இது பரவியுள்ளது.

இதன் உடன்பிறப்பாகக் கருதத்தக்க இன்னொரு சிற்றினம் சால்வடோரா ஒலியாய்டசு. இரண்டையும் வடமேற்கு இந்தியாவின் மக்கள் தெளிவாகப் பிரித்தறிவர். பெர்சிகாவைக் 'காரா சால்' என்றும் ஒலியாய்டசை 'மீட்டா சால்' என்றும் இராசத்தானில் வழங்குவர். முன்னது காரமும் உவர்ப்பும் உடையது, பின்னது இனியது என்பது பொருள். ஒலியாய்டசின் கனி முதிர்ந்தால் மஞ்சள் நிறம் கொள்ளும். காம்பின்றி நெருங்கி அமையும். பெர்சிகாவின் கனி சிவப்பும் ஊதாவும் கலந்து, சிறு காம்புடன் தளர்ந்த கொத்துகளில் தொங்கும், நாவிற் காரும். தாவரவியலார் பூவின் காம்பைக் கொண்டு பிரிப்பதை ஆடு மேய்ப்போர் நாவைக் கொண்டு பிரித்தனர். இவ்வேறுபாடு சங்கப் பாடல் ஒன்றின் பொருளை உறுதிசெய்யத் துணைபுரிவதைப் பின்னர்க் காணலாம்.

இரண்டும் எப்போதும் இலையுடைய குறுமரங்கள். பெரும்பாலும் அடியிலிருந்தே கிளைத்துத் தாழ்ந்து கவிவன. இலை தடித்துச் சதைப்பற்றுடன் இருக்கும். வேர் உறிஞ்சும் உப்பை இலையின் உயிரணுக்களுக்குள் தேக்கி, மரத்தின் மற்ற பகுதிகளைக் காத்துக்கொள்வது இம்மரத்தின் இயல்பு. ஒட்டகங்கள் இதன் இலையை விரும்பி மேய்கின்றன.

மூன்று பாடல்கள்

உகாயைக் குறிக்கும் சங்கப் பாடல்களுள் மூன்று இங்கு இன்றியமையாதவை. குறுந்தொகை 274ஆம் பாடல் உருத்திரனார் பாடியது. பாலைவழியில் வில்லேந்திய ஆறலைகள்வர் மரக்கிளையில் ஏறி, வழிச்செல்வோரின் வரவை நோக்கியிருக்கின்றனர். நீர்வேட்கை மிகும்போது நாரை மென்று அதனைத் தணித்துக்கொள்கின்றனர். அம்மரத்தின் அடி புறாவின் முதுகைப் போன்றது என்றும், உதிரும் கனி இறாமீனின் முட்டையைப் போன்றது என்றும் புலவர் உவமை கூறுகின்றார்.

இவ்வுவமைகளை வெறும் அணியாகக் கொள்ளலாகாது. சாம்பலும் வெண்மையும் கலந்த உகாயின் பட்டையைக் கண்டவர் புறாவின் முதுகு என்னும் உவமையின் பொருத்தத்தை உடனே உணர்வர். கொத்தாகச் செறிந்த சிறுகனிகளுக்கு இறாவின் முட்டைத்திரள் உவமையாவதும் அத்தகையதே. ஆயினும் இறா கடலையும் கழியையும் சார்ந்த உயிர். பாலைப் பாடலில் நெய்தலின் உவமை வருவதைத் திணைமயக்கம் என்று இலக்கணம் கூறி அமையலாம். அதற்கும் அப்பால் ஒன்றைக் கருத இடமுண்டு. இன்றைய தமிழகத்தில் உகாய் உள்நாட்டு வறள்நிலத்தில் மட்டுமன்றிக் கடற்கரையின் உவர்நிலத்திலும் வளர்கின்றது. மரத்தையும் இறாவையும் ஒரே நிலப்பரப்பில் கண்ட கண்ணுக்கே இவ்வுவமை எளிதில் தோன்றும். இவ்வாறு கொள்வது என் கருத்தே. பாடல் இதனை வெளிப்படையாகக் கூறவில்லை.

கள்வர் மென்ற நார் எம்மரத்தினது? பாடலில் அவர்கள் ஏறியிருக்கும் கிளை உகாயினுடையதாகவே அமைவதால், நாரும் அதன் பட்டையினதே என்று கொள்வது பொருத்தம். உகாயின் வேரிலும் தண்டிலும் பென்சைல் ஐசோதயோசயனேட்டு என்னும் காரப்பொருள் உண்டு. கடுகின் காரமும் இவ்வினத்துச் சேர்மங்களால் விளைவதே. இத்தகைய காரமான நாரை மெல்லும்போது வாயில் உமிழ்நீர் ஊறும். நீர் கிடைக்காத வழியில், நீர் இல்லாமலேயே வாயை நனைத்துக்கொள்ளும் உத்தி இது. இப்பொருத்தம் ஏற்கப்படுமாயின், உகாயை மெல்லும் வழக்கத்திற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்று இப்பாடலே ஆகும். பல் துலக்குதல் பற்றிய குறிப்பு இதில் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

நற்றிணை 66ஆம் பாடலை இயற்றியவர் இனிசந்த நாகனார். உச்சி உலர்ந்த உகாயின் காயை உண்ட புறாவொன்று நெடுங்கிளையில் ஏறி, கழுத்துச் சுழல வருந்துவதை இவர் காட்டுகின்றார். காயின் சுவைக்கு மிளகு பெய்தாற் போன்ற தன்மை கூறப்படுகிறது. மேலே கூறிய இரு சிற்றினங்களுள் புலவர் கண்டது எது என்பதற்கு இம்மிளகே விடை. இனிய கனி தரும் ஒலியாய்டசிற்கு இவ்வுவமை சிறிதும் பொருந்தாது, பெர்சிகாவிற்கே பொருந்தும். சங்கத் தாவரங்களை இனங்காணும் பணியில் பூவையும் இலையையும் பற்றிய வருணனைகளையே நாம் பெரிதும் சார்ந்திருக்கிறோம். சுவையும் அதற்கு நிகரான சான்றே என்பதற்கு இப்பாடல் எடுத்துக்காட்டு.

மூன்றாவதாகிய குறுந்தொகை 363 செல்லூர்க் கொற்றனாருடையது. அருகம்புல் மேயும் ஏறொன்று உகாயின் வரிநிழலில் தங்குவதை அது கூறுகிறது. இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. உகாய் எப்போதும் இலை செறிந்த மரமாயின் அதன் நிழல் அடர்ந்ததாக இருத்தல் வேண்டும். நற்றிணை அதன் உச்சி உலர்ந்தது என்கிறது; குறுந்தொகை அதன் நிழல் வரிவரியானது என்கிறது. கோடையின் கொடுமையால் எல்லா மரங்களையும் வாடியனவாகக் காட்டும் பாலை மரபு இதற்குக் காரணமாகலாம். கால்நடை மேய்ந்து மொட்டையாக்கிய மரத்தைப் புலவர் கண்டிருத்தலும் கூடும். மரபின் தேவைக்காக மரத்தின் இயல்பைப் புலவர் சற்றே திருத்திக்கொண்டார் என்னும் முதற்கருத்தே ஏற்புடையதாக எனக்குத் தோன்றுகிறது.

வடக்கே பீலு

பாணினி வாழ்ந்ததாகக் கருதப்படும் சலாதுரம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ளது. அவர் தம் அட்டாத்தியாயியில் (5.2.24) பீலு முதலிய சொற்களோடு 'குண' என்னும் விகுதி சேர்ந்து, அப்பழம் பழுக்கும் பருவத்தைக் குறிக்கும் என்று விதிக்கிறார். பீலுகுணம் என்பது பீலு பழுக்கும் காலம். ஒரு காட்டுக்கனியின் பருவத்திற்கெனத் தனிச்சொல் வழக்கில் இருந்தது என்றால், மக்கள் அப்பருவத்தை எதிர்நோக்கி வாழ்ந்தனர் என்பது வெளிப்படை. வைகாசி, ஆனி மாதங்களின் வெயிலில், வேறெதுவும் பழுக்காத நிலத்தில் பழுப்பது இது.

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கர்ணனுக்கும் சல்லியனுக்கும் நிகழும் சொற்போரில், வாகீகர் நாடு வன்னி, பீலு, கரீரம் ஆகியவற்றின் காடுகள் நிறைந்ததாக இகழ்ச்சிக் குறிப்புடன் பேசப்படுகிறது. மனுவின் நூலில் (2.45) மாணவப் பருவத்தில் ஏந்தும் தண்டிற்கு வருணந்தோறும் மரம் விதிக்கப்படும்போது வைசியர்க்குரியனவாகப் பீலுவும் அத்தியும் கூறப்படுகின்றன. பீலு அறியப்பட்ட மரம். ஆனால் அந்நூல்களின் மதிப்பில் உயர்ந்த மரமன்று. மேய்ச்சல் நிலத்து மக்களோடும் வணிகரோடும் சேர்த்து எண்ணப்பட்ட மரம் அது.

அம்மக்களின் குரலில் கேட்டால் செய்தி வேறாகிறது. சரைக்கி மொழியின் பெருங்கவிஞரான குவாசா குலாம் பரீது (1845-1901) பாலைநிலத்தில் பீலு பழுத்த மகிழ்ச்சியையும், பெண்கள் கூடிப் பழம் பறிக்கும் காட்சியையும் பாடினார். அப்பாடல் இன்றும் பாகித்தானின் தென்பஞ்சாபில் பாடப்படுகிறது. பீலுவை ஒவ்வொன்றாகத் தின்றால் வாய் புண்ணாகும். கைநிறைய அள்ளித் தின்றால் புண்ணாகாது என்னும் நம்பிக்கை பஞ்சாபில் உண்டு. காரமுள்ள கனியைப் பற்றிய இந்நம்பிக்கை உண்மையோ அன்றோ, பகிர்ந்துண்ணும் கூட்டத்திற்கு ஏற்ற நம்பிக்கை என்பதில் ஐயமில்லை.

அரபு நாடுகளில் இதன் பெயர் அராக்கு. இதன் வேர்க்குச்சியே மிசுவாக்கு. நபிகள் நாயகத்தின் வழக்கமாக அமைந்தமையால் இசுலாமிய உலகெங்கும் அது பரவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலார் சான் போர்ப்சு ராயில், விவிலியத்தின் கடுகு மரம் என்பது இதுவே என்று வாதிட்டார். சிரியாவில் கடுகிற்கு வழங்கும் 'கர்தல்' என்னும் பெயரும் இந்தியாவின் 'கார்சால்' என்னும் பெயரும் ஒலியில் ஒத்திருப்பதை அவர் துணைக்கொண்டார். கருங்கடுகுச் செடியே அது என்பது பின்வந்தோர் பலரின் முடிபு. எனினும் நற்றிணைப் புலவர் மிளகை நினைத்த அதே காரத்திலிருந்து ராயில் கடுகை நினைத்தார் என்பது சுவையானது.

சொல்லாராய்ச்சி தொடர்பாக ஒன்று கூறவேண்டும். 2021இல் பகதா அன்சுமாலி முகோபாத்யாய் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, சிந்துவெளி மக்களுள் ஒரு பகுதியினரேனும் திராவிட மொழி பேசினர் என்னும் கருத்திற்குப் பீலு என்னும் சொல்லைச் சான்றாக்குகிறது. அக்காதிய மொழியில் யானையைக் குறிக்கும் 'பீரு', முதலாம் தாரயவசின் சூசா நகர்க் கல்வெட்டில் தந்தத்தைக் குறிக்கும் பழம்பாரசீகச் சொல், வடமொழியில் யானையையும் இம்மரத்தையும் ஒருங்கே குறிக்கும் 'பீலு' ஆகியவை, பல் என்னும் திராவிடச் சொல்லிலிருந்து தோன்றின என்பது அவர் கொள்கை. யானை பெரும் பல்லை உடையது. பீலு பல் துலக்கும் மரம். எனவே இரண்டிற்கும் ஒரே பெயர் என்பது அதன் சாரம்.

தமிழ் பயில்வோர்க்கு இக்கொள்கை மகிழ்ச்சி தருவது இயல்பு. மகிழ்ச்சியைத் தள்ளிவைத்து நோக்கின் இரு தடைகள் புலப்படுகின்றன. திராவிட மொழிகளில் பல் என்னும் சொல் பெரும்பாலும் குறில் அகரத்துடனேயே நிலைத்து நிற்கிறது. அது நெடில் ஈகாரமாக மாறிய படிகளை நிறுவுவது எளிதன்று. அடுத்து, திராவிட மொழிகளுள் பழைமையான இலக்கியமுடைய தமிழ் இம்மரத்தைப் பல்லோடு சேர்த்துப் பெயரிடவில்லை. உகாய் என்றே வழங்கிற்று. இவை கொள்கையை முற்றிலும் வீழ்த்துவன அல்ல. வடக்கில் இருந்த திராவிட மொழியொன்று வேறு பெயர் வைத்திருக்கலாம். ஆயினும் தமிழ்ச் சான்று இக்கொள்கைக்குத் துணைநிற்கவில்லை என்பதை வெளிப்படக் கூறுதலே முறை.

கால்வாயும் களரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை பஞ்சாபின் ஆற்றிடைமேடுகளில் பீலு, வன்னி, கரீரம் ஆகியவற்றின் காடுகள் பரந்திருந்தன. பஞ்சாபியர் பீலுவை 'வண்' என்பர். இருப்புப்பாதை வந்தபோது நீராவி எஞ்சின்களுக்கு விறகாக வன்னியும் கரீரமும் பேரளவில் வெட்டப்பட்டன. பீலு அவ்வளவாக விரும்பப்படவில்லை. அதன் விறகு எரிந்தபின் மிகுதியான சாம்பலை விட்டுச் சென்றதே காரணம். மண்ணிலிருந்து மரம் உறிஞ்சி வைத்த உப்பே அதனைக் கோடரியிலிருந்து ஓரளவு காத்தது.

கால்வாய்களிடமிருந்து அதனைக் காக்க எதுவும் இல்லை. 1880களில் தொடங்கி ஆங்கில அரசு பஞ்சாபின் மேய்ச்சல் நிலங்களைக் கால்வாய்க் குடியிருப்புகளாக மாற்றிற்று. 1892இல் திறக்கப்பட்ட கீழ்ச் செனாபுக் கால்வாய் இவற்றுள் பெரியது. பீலுக் காடுகள் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டு அழிக்கப்பட்டன; கோதுமையும் பருத்தியும் விளைந்தன. ஒட்டகமும் மாடும் மேய்த்த மக்கள், தம் நிலத்திலேயே அயலாராயினர்.

கால்வாய் நீர் மண்ணிற் கசிந்து நிலத்தடி நீரை உயர்த்துவது. நீர்மட்டம் தரைக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறும். வெயில் நீரைக் கொண்டுபோகும்; உப்பு மேற்பரப்பில் எஞ்சும். இவ்விளைவு அரசு அறியாததன்று. மேற்கு யமுனைக் கால்வாயை ஒட்டிய ஊர்களில் நிலம் வெண்மை பூத்துப் பாழாவது குறித்த முறையீடுகள் 1850களிலேயே எழுந்தன. 1870களில் இதனை ஆராயக் குழுவொன்றும் அமைக்கப்பட்டது. அதன் பின்னரே பஞ்சாபின் பெருங்கால்வாய்கள் வெட்டப்பட்டன என்பது நினைக்கத்தக்கது. விடுதலைக்குப் பின் 1958இல் பணி தொடங்கி 1961இல் நீர் விடப்பட்ட இராசத்தான் கால்வாயும் இவ்வழியே சென்றது. அனுமான்கட்டு மாவட்டத்தில் வயல்கள் கசிவுநீரில் மூழ்கி ஏரிகளாயின.

உப்பேறிய இந்நிலத்தை வட இந்தியர் ரே, ஊசர், கல்லர் எனப் பலவாறு வழங்குவர். இவற்றுள் கல்லர் என்பது நம் களரோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். வள்ளுவர் கல்லாதவரைப் பயன்படாத களர்நிலத்திற்கு ஒப்பிட்டார் (406). புறநானூறு 311ஆம் பாடலோ களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் ஆடை வெளுக்கும் பெண்ணைக் காட்டுகிறது. உழவனுக்குப் பயன்படாத நிலம் ஆடை வெளுப்பவளுக்குப் பயன்பட்டது. பயனற்ற நிலம் என்னும் சொல் யாருடைய பயனைக் கருதிச் சொல்லப்படுகிறது என்று கேட்க இவ்விரு சான்றுகளும் இடந்தருகின்றன.

பயிரான வரலாறு

1969இல் அரியானாவின் கர்னால் நகரில் நடுவண் மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவில் உப்பால் தாக்குண்ட நிலம் ஏறத்தாழ 67 இலட்சம் எக்டேர். இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 22 இலட்சம் எக்டேர் குசராத்தில் உள்ளது. குசராத்தின் காம்பே வளைகுடாவை ஒட்டிய பரூச்சுப் பகுதியின் சிக்கல் பஞ்சாபினதினும் கடினமானது. அங்குள்ளது கரிசல்மண். நீர் எளிதில் உட்புகாத களிமண்ணாதலால், நன்னீர் பாய்ச்சி உப்பைக் கழுவி வெளியேற்றும் வழக்கமான முறை பயன்தரவில்லை. நிலத்தடி நீரும் உவர்நீரே.

நிலத்தை மாற்ற இயலாவிடின் நிலத்திற்கேற்ற பயிரைத் தேடுவதே வழி. அந்நிறுவனத்தின் பரூச்சு மண்டல நிலையத்தார் உகாயைத் தேர்ந்தனர். மண்ணின் உப்புச் செறிவை அளக்கும் டெசிசீமன்சு அலகில், நெல்லின் விளைச்சல் 3இலேயே குறையத் தொடங்கும். கோதுமை 6 வரையும், பருத்தி ஏறத்தாழ 8 வரையும் தாங்கும். கடல்நீர் 45 முதல் 50 வரை. உகாயோ கடல்நீருக்கு நிகரான உப்புச் செறிவுள்ள மண்ணிலும் வேர்கொண்டு கனி தந்தது. விதையை நாற்றுப்பைகளில் முளைக்கவைத்து, மழைக்காலத்தில் குழிகளில் நட்டு, வேர்பிடிக்கும் வரை பேணினால் போதும். உவர்நீரைக் கொண்டே நாற்றை வளர்க்கவும் முடிந்தது.

விதையில் 30 முதல் 40 விழுக்காடு எண்ணெய் உண்டு. லாரிக்கு அமிலமும் மிரிசிட்டிக்கு அமிலமும் மிகுந்திருப்பதால் அது தேங்காய் எண்ணெயைப் போன்று சவர்க்காரம் செய்ய ஏற்றது. இச்செய்தி புதிதன்று. உண்ணத்தகாத எண்ணெய்களைக் கொண்டு சவர்க்காரம் செய்யும் தொழிலை விடுதலைக்குப் பின் கதர்த் துறையினர் ஊக்குவித்தபோதே பீலு விதை திரட்டப்பட்டது. அப்போது திரட்டியோர் நிலமற்ற ஏழைகள். மரங்கள் தாமே வளர்ந்தவை. புறாவின் முதுகு போன்ற அடியுடைய மரம் நேராக, இடைவெளி அளந்து நடப்பட்டது பரூச்சின் கரிசலிலேதான்.

இவ்வெற்றியைப் பாராட்டும்போதே ஒரு வேறுபாட்டையும் கருதவேண்டும். காட்டில் நின்ற பீலு எவருக்கும் உரியதன்று. பொதுநிலத்தில் நின்றமையால் விதை பொறுக்கும் உரிமை எல்லார்க்கும் இருந்தது. பயிராகிய பீலு நிலமுடையாருக்கு உரியது. உப்புநிலம் விலை பெறும்போது அதில் மேய்ந்தும் பொறுக்கியும் வாழ்ந்தோர் நிலை என்னாகும் என்பது கால்வாய்க் குடியிருப்புகளின் வரலாறு முன்னரே எழுப்பிய வினா. நகரச் சந்தையிலும் இதற்கு இணையான மாற்றம் நிகழ்ந்தது. உகாயின் பெயரைத் தாங்கிய 'மெசுவாக்' பற்பசையைப் பால்சரா நிறுவனம் விற்றது. 2005இல் அந்நிறுவனத்தை டாபர் வாங்கிற்று. குச்சியாகக் கைக்கு எட்டியது குழாயில் அடைபட்டு வந்தது.

உகாய் இருக்க வேறொரு மரம் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாறும் உண்டு. கச்சின் பன்னிப் புல்வெளியை நோக்கி உப்புப்பாலை பரவுவதைத் தடுக்க, 1961இல் குசராத்து வனத்துறை ஏறத்தாழ 31,500 எக்டேரில் சீமைக்கருவேலத்தை நட்டது. விரைந்து வளர்ந்தது, விரைந்தே புல்லையும் தின்றது. இந்தியாவிற்கு 1870களில் கொண்டுவரப்பட்ட அம்மரத்திற்கு விதை கிடைப்பது எளிது. வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். உகாய் மெல்ல வளர்வது. திட்டங்களுக்குரிய ஐந்தாண்டு எல்லைக்குள் மெல்ல வளரும் மரம் தோற்றுப்போவது வியப்பன்று.

தமிழ்க் கடற்கரையில்

தமிழகத்தில் உப்பால் தாக்குண்ட நிலம் ஏறத்தாழ 3.68 இலட்சம் எக்டேர். உகாய் இன்றும் காணப்படும் இராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் ஆகிய கடலோர மாவட்டங்கள் இச்சிக்கலையும் உடையன. கோடியக்கரையின் உலர் பசுமைக்காட்டில் அது இயல்பாக வளர்கிறது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை வயல்களில் உப்பை நிரப்பியபோது, மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவுதல், சிப்சம் இடுதல், தக்கைப்பூண்டை மடக்கி உழுதல் ஆகிய முறைகளால் நெல்வயல்கள் மீட்கப்பட்டன. நெல்லுக்கு அதுவே தக்க வழி. ஆனால் கரையோரப் பசுமைவேலி அமைக்கும் பணியில் பெரிதும் நடப்பட்டது சவுக்கே. இராமநாதபுரத்தின் வறண்ட உவர்நிலங்களைச் சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கிறது. அதனை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2017இலும் பின்னரும் ஆணைகள் பிறப்பித்தது. அகற்றிய இடத்தில் என்ன நடுவது என்னும் வினாவிற்குக் குறுந்தொகை ஒரு விடையை வைத்திருக்கிறது என்பது மிகையன்று.

நடுவதற்கு முன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தாவரவியல் நூல்கள் தமிழகத்தில் இம்மரத்திற்கு வழங்கும் பெயர்களாக உகா, உகாய், உவா, பெருங்கோளி முதலியவற்றோடு, உரோமன் எழுத்தில் 'கலர்வா' என்று படிக்கத்தக்க ஒரு பெயரையும் தருகின்றன. உரோமன் எழுத்து லகர ளகர வேறுபாட்டைக் காட்டாது. பாகற்காய் பாவற்காய் ஆவது போல உகா உவாவாகத் திரிந்ததெனக் கொண்டால், அதன் முன் களர் சேர்ந்து களருவா ஆகி, உகரம் கெட்டுக் களர்வா என நின்றிருத்தல் கூடும். அவ்வாறாயின் இம்மரம் எம்மண்ணில் நிற்கும் என்பதை அதன் பெயரிலேயே தமிழர் பதிந்துவைத்திருந்தனர். இப்பெயர் எவ்வூரில், எம்மக்களால், எவ்வொலியில் வழங்கப்படுகிறது என்பதை அகராதிகளிலிருந்து அறிய இயலாது. வேதாரணியத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள ஆடு மேய்ப்போரிடமும் உப்பளத் தொழிலாளரிடமும் நேரிற் கேட்டே அதனைத் தெளிதல் வேண்டும்.